நகராத வயிற்றளவு

இப்போது வரும் ஸ்கேன் மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கருவில் இருக்கும் குழந்தையின் வயிற்றைச் சுற்றி அதுவே வட்டம் போட்டு, அளந்து, எடையையும் கணக்கிட்டு, இந்த வாரத்துக்கு இது சரியா குறைவா என்று பச்சையிலும் சிவப்பிலும் காட்டிவிடுகிறது. நான் ஓய்வு பெற்ற மருத்துவமனைக்குப் போன மாதம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். புது மெஷினைக் காட்டுவதற்காக மூன்று இளம் டாக்டர்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அதில் ஒரு பெண் கேட்டாள்: "இதெல்லாம் இல்லாம தொண்ணூறுகள்ல நீங்க எப்படி மேடம் வளர்ச்சிக் குறைவைக் கண்டுபிடிச்சீங்க? தப்பாப் போயிடாதா?"

"போகும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அப்போது அதற்கு மேல் பேச முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. எம்.பி.பி.எஸ். முடித்து எக்ஸ்ரே துறையில் டிப்ளமோ படித்த காலத்தில், ஸ்கேன் என்பது எங்கள் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வராது என்று விட்டுவிடுவோம். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தேன். கணவருக்குப் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் வேலை. எனக்கும் அருகிலேயே ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எக்ஸ்ரே அறைக்குத்தான் எடுத்தார்கள். ஸ்கேன் அறையில் ஆள் போதவில்லை என்று ஒரு வாரத்துக்கு மாற்றினார்கள். அங்கேயே இருந்து அங்கிருந்தே ஓய்வு பெற்றேன்.

அந்த அறையின் தலைவர் டாக்டர் திருமூர்த்தி. ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை. கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். துப்புரவு செய்கிறவரிலிருந்து மருத்துவமனையின் டைரக்டர் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எனக்கு முதலில் அது விசித்திரமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மேலதிகாரி கோபப்பட்டால் குரல் உயரும். இவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், 'ங்க' கூடும். "இந்தப் படத்தை நீங்க மறுபடி எடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க டாக்டருங்க" என்று அவர் சொன்னால், எடுத்த படம் குப்பைக்குத்தான் லாயக்கு என்று அர்த்தம்.

ஜெல் பாட்டிலை எப்போதும் ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்திருப்பார். மற்ற இடங்களில் வயிற்றில் ஜெல் பட்டதும் பெண்கள் துள்ளுவார்கள், எங்கள் அறையில் துள்ள மாட்டார்கள். அளக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். கூட வந்தவர்கள் கேட்டால், "சித்த பொறுங்க" என்பதோடு சரி. முடிந்ததும் தானே ஜெல்லைத் துடைத்துவிட்டு, அந்தப் பெண்ணை எழுப்பி, சேலையைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுத்து, உட்காரவைத்த பிறகுதான் பேச ஆரம்பிப்பார். அதுவும் முதலில் அவளிடம். மாமியாருக்கும் கணவனுக்கும் பிறகு.

"படுத்திருக்கறவங்ககிட்டச் சேதி சொல்லக் கூடாதுங்க" என்று எனக்குச் சொன்னார். "நல்ல சேதியா இருந்தாலும் சரீங்க. எந்திரிச்சு உக்கார வெச்சுத்தான் சொல்லோணும்."

பையனா பெண்ணா என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. சட்டம் வருவதற்கு முன்பே அவர் அதைச் சொன்னதில்லை. "அத நான் பாக்கறதில்லீங்க" என்பார். கேட்டவர்கள் இவருக்கு ஸ்கேன் பார்க்கத் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது.

அளப்பதை அவர் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் இதயத் துடிப்பு. பிறகு குழந்தை எப்படிக் கிடக்கிறது, நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, எங்கே ஒட்டியிருக்கிறது, பனிக்குடத் தண்ணீர் எவ்வளவு. அப்புறம் தலை, தொடை எலும்பு. வயிறுதான் கடைசி, வயிறுதான் கடினம். தலைக்கு எலும்பு ஓடு இருக்கிறது. விளிம்பு பளிச்சென்று தெரியும். வயிறு மெத்தென்ற வட்டம். கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் முட்டை போல நசுங்கும். சாய்த்துப் பிடித்தால் பெரிதாகக் காட்டும். குழந்தையின் இரைப்பை ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிய வேண்டும். ஈரலுக்குள் போகும் ரத்தக்குழாய் சின்ன வளைவாகத் தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரியக் கூடாது. இது எல்லாம் ஒரே படத்தில் சேரும் நொடியில் படத்தை நிறுத்தி, வட்டம் போட வேண்டும். மூன்று தடவை. மூன்றும் ஒத்துவராவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

வயிற்றுக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், நஞ்சிலிருந்து வரும் ரத்தம் குறைந்தால் குழந்தையின் உடம்பு முதலில் மூளையைத்தான் காப்பாற்றும். கிடைக்கும் ரத்தத்தைத் தலைக்கு அனுப்பிவிட்டு ஈரலைப் பட்டினி போடும். அதனால் தலை வளர்ந்துகொண்டே இருக்க, வயிறு மட்டும் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தாய்க்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் மெஷினில் வட்டம் போட்டதும், இந்த அளவு எத்தனை வாரக் குழந்தைக்குரியது என்று திரையின் மூலையில் எண் வரும். டாக்டர் திருமூர்த்தி அந்த மூலையில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிவைத்திருந்தார். வார எண் கண்ணில் பட்டால், தேதிக்குப் பொருந்தும்படி கை தானாகவே வட்டத்தை இழுக்கும் என்பது அவர் கட்சி. மில்லிமீட்டர் மட்டும் தெரியும். அதை எழுதிய பிறகுதான் பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்வார்: "ஒரு தடவ அளந்தா அது அளவுங்க. ரெண்டு தடவ அளந்தாத்தான் வளர்ச்சிங்க."

அதன் பொருள் எனக்கு முதலில் புரிந்தது ஜமீலா விஷயத்தில். பழைய ஊர்ப் பகுதியில் தையல் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி. சின்ன உருவம், கட்டிலில் ஏற ஸ்டூல் போட வேண்டியிருந்தது. வேறொரு இடத்தில் குழந்தை வளரவில்லை என்று சொல்லி, உடனே சேர்ந்து ஊசி போட்டு வலி வரவைக்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். நான் அளந்தபோதும் எல்லாமே குறைவாகத்தான் வந்தது. தலை, கால், வயிறு எல்லாம். ஆனால் தண்ணீர் நிறைய இருந்தது, குழந்தை உள்ளே ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தது. திருமூர்த்தி சார் ஊசி வேண்டாம் என்று சொல்லி இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார். அப்போதும் எல்லாம் குறைவு. ஆனால் எவ்வளவு வளர வேண்டுமோ அவ்வளவு வளர்ந்திருந்தது.

கணவருக்கு நிம்மதி வரவில்லை. "வளரலன்னு சொன்னாங்களே டாக்டர். நீங்க இருக்கட்டும்னு சொல்றீங்க. நாங்க யாரை நம்பறது?" என்று கேட்டார்.

சார் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் என் தோள் உயரம் இருந்தார்.

"ஏனுங்க பாய், நீங்க இத்தனை உசரம், அம்மணி அதவிடக் கொறைவு. பெரிய கொழந்தை எங்கிருந்துங்க வரும்? இது சின்னக் கொழந்தைங்க. வாடின கொழந்தை இல்லீங்க."

ஜமீலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மாதம் முழுசாகி, சின்னதாக, காது கிழியும்படி அழுதுகொண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அதற்கு நேர் எதிரான ஒன்று மறு வருடம் வந்தது.

அவள் பெயர் பூங்கொடி. அவிநாசி தாண்டி ஒரு கிராமம். கணவன் செல்வகுமார் பனியன் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தான். ஐந்தாம் மாதம் முதல் ஸ்கேனுக்கு வந்தபோது வாடகை அம்பாசடரில் வந்தார்கள். கூடவே மாமியார் ராமாத்தாள். கம்பீரமான பெண்மணி, குரலும் அப்படித்தான். அறைக்குள் வந்ததும் எங்களிடம் அவரே வரலாறு சொன்னார்.

"மொதக் கொழந்த ஒம்பதாம் மாசம் உள்ளேயே போயிருச்சுங்க. பையன். சரவணம்பட்டியில சொந்தத்துல ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம். வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம இவ வண்டியில பின்னால உக்காந்து போனா. குழியும் மேடுமா ரோடு. வந்து பத்து நாள்ல போச்சுங்க. இந்தத் தடவ வண்டி ஏறவே உடல. காருலகூட மெதுவாத்தான் ஓட்டச் சொன்னேன்."

செல்வகுமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூங்கொடி உயரமான, வலுவான பெண். சொல்லிக்கொண்டிருப்பது வேறு யாரைப் பற்றியோ என்பது போல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அன்று எல்லாம் சரியாக இருந்தது; தேதியும் உறுதியானது. அடுத்த ஸ்கேன் ஏழாம் மாத முடிவில். குழந்தை வாரக் கணக்கைவிடப் பெரிதாக இருந்தது. ராமாத்தாளுக்குப் பெருமை. "எங்க ஊட்டுல எல்லாருமே ஓங்குதாங்குதானுங்க" என்றார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு மறுபடி வந்தார்கள். அன்று கருவி என் கையில் இருந்தது. தலையை அளந்தேன், தொடை எலும்பை அளந்தேன். வயிற்றை மூன்று தடவை அளந்தேன்; மூன்றும் ஒத்துவந்தன. எழுதிவிட்டுப் பிளாஸ்திரியைத் தூக்கினேன். திரையில் இருந்த வாரம் நாட்காட்டியோடு கச்சிதமாகப் பொருந்தியது. எடையும் அந்த மாதத்துக்குச் சரியான எடை. யார் பார்த்தாலும் நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். தலை வளர்ந்திருந்தது. வயிறு, மூன்று வாரம் முன்பு இருந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர்தான் நகர்ந்திருந்தது. அப்போது பெரிய குழந்தையாக இருந்தது, அங்கேயே நின்றுவிட்டதால் இப்போது சராசரிக் குழந்தை ஆகியிருந்தது. சராசரி என்பது இதற்கு நல்ல சேதி இல்லை.

"அசைவு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

பூங்கொடி மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாக, "ரெண்டு மூணு நாளாக் கொறைஞ்சிருக்குதுங்க" என்றாள்.

"எட்டாம் மாசம் அப்படித்தானுங்க, எடம் பத்தாது" என்றார் ராமாத்தாள்.

நான் சாரை அழைத்தேன். என் அளவைச் சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாதீங்க." நான் எழுதியிருந்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலிலிருந்து தானே அளந்தார். அறையில் மெஷினின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். இருவர் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முந்தின வருடம்தான் எங்களுக்கு ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் வசதி வந்திருந்தது. தொப்புள்கொடியில் வைத்தார். சவுக்கை வீசினாற்போல ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடியது, ஆனால் மெலிதாக. அறவே நின்றிருந்தால் யாரும் விவாதிக்க மாட்டார்கள். மெலிதாக ஓடுவதுதான் சிக்கல். பார்ப்பவர் மனசுக்குத் தக்கபடி அதைப் படித்துக்கொள்ளலாம்.

ஜெல்லைத் துடைத்து, பூங்கொடியை உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மணி, கொழந்த இப்ப நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வளர்றத நிறுத்திப்போட்டுதுங்க. அதுக்குப் போற ரத்தம் பத்தலைன்னு நெனைக்கறேன். இன்னிக்கு நீங்க ஊட்டுக்குப் போக வேண்டாமுங்க."

ராமாத்தாளுக்குப் பிடிக்கவில்லை. "எடை சரியாத்தான் இருக்குதுன்னு எங்க பிரசவ டாக்டரம்மா நேத்துச் சொன்னாங்களே. வேளாவேளைக்குப் பாலு, பழம், முட்டைன்னு எல்லாந் தாரோம். அப்பறம் எப்படிங்க பத்தாமப் போகும்?"

"சோத்துல கொறை இல்லீங்க அம்மா. நஞ்சுல இருக்குதுங்க."

பூங்கொடி யாரையும் கேட்கவில்லை. "இருக்கறேனுங்க" என்றாள்.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர் ராஜலட்சுமி. ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள் என்று சொல்வார்கள். வயிற்றில் கை வைத்தே எடை சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஸ்கேன் அறையை அவர் அதிகம் நம்புவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ரிப்போர்ட்டுகள் அவருக்கு ஆயா கையில்தான் போகும். அன்று சார் ரிப்போர்ட்டைத் தானே எடுத்துக்கொண்டு, என்னையும் வரச்சொல்லி, அவர் அறைக்கு நடந்தார். உள்ளே ஒரு நோயாளி இருந்ததால் கதவுக்கு வெளியே நின்றோம். நாற்காலி போட வந்த நர்ஸிடம் வேண்டாம் என்று கையசைத்தார்.

"என்ன திருமூர்த்தி, நீங்களே வந்துட்டீங்க?" என்றார் டாக்டர் ராஜலட்சுமி. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "எடை நல்லாத்தானே இருக்கு? நான் நேத்து கை வெச்சுப் பார்த்தேன். இதேதான் சொன்னேன்."

"பொதுவாப் பாத்தா நல்ல எடைங்க. இந்தக் கொழந்தைக்கு நல்ல எடை இல்லீங்க" என்றார் சார். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அன்னிக்கு எங்க இருந்துச்சோ வயிறு அங்கயே நிக்குதுங்க. நானும் அளந்தேன், டாக்டரும் அளந்தாங்க. தனித்தனியா."

டாக்டர் ராஜலட்சுமி இரண்டையும் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார், சாரைப் பார்த்து அல்ல.

"உனக்குத் தெரியாதும்மா, நீ வர்றதுக்கு முன்னாடி. வெளியில ஒரு ஸ்கேன் சென்டர்ல வளர்ச்சி இல்லைன்னு எழுதினாங்க. நம்பி ஆபரேஷன் பண்ணினேன். எடுத்தா குழந்தை நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு. தேதி தப்பு, அளவும் தப்பு. ஆனா நுரையீரல் பக்குவம் இல்ல. மூச்சு வாங்கி வாங்கி மூணாம் நாள் போயிடுச்சு. அந்தம்மா இன்னும் நம்ம ஊர்லதான் இருக்காங்க. பஸ் ஸ்டாப்புல என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவாங்க. வெளியே எடுத்தா மூச்சு விடுமான்னு எனக்கு உங்க மெஷின் சொல்லாது."

"சொல்லாதுங்க" என்றார் சார். "அதனால இப்பவே எடுங்கன்னு நான் சொல்லலீங்க. நுரையீரல் பக்குவமாகறதுக்கு ஊசி போடுங்க. கொழந்தை துடிப்புக்கு ட்ரேஸ் எடுங்க. ரெண்டு நாள் கழிச்சு நான் மறுபடி அளக்கறேன். அதுவரைக்கும் அந்தம்மா உங்க வார்டுல கண்ணு முன்னால இருக்கோணும், அவ்வளவுதானுங்க. ஊட்டுக்கு அனுப்பிப்போட்டா அடுத்த வாரம் அளக்கறதுக்குக் கொழந்தை இருக்குமான்னு எனக்கு உறுதி இல்லீங்க."

டாக்டர் ராஜலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஊசி இன்னைக்கே போடறேன்" என்றார்.

மறுநாள் நான் வார்டுக்குப் போனேன். கருவின் துடிப்பைப் பதிவு செய்யும் பட்டையைப் பூங்கொடியின் வயிற்றில் கட்டியிருந்தார்கள். காகிதம் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. மாமியார் குளிக்கப் போயிருந்தார். பூங்கொடி தானாகவே பேசினாள்.

"மொதப் பையனுக்கும் இப்படித்தானுங்க அசைவு கொறைஞ்சுச்சு. அந்தக் கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்னாடியேங்க."

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"சொன்னேனுங்க. அலுப்புன்னாங்க. அப்பறம் நானே அதை நம்பிப்போட்டேன்." கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கோடு கீழ எறங்குனா நல்லதுங்களா, மேல ஏறுனா நல்லதுங்களா?"

"ஆடிக்கிட்டே இருக்கணும்மா. தட்டையாக் கிடக்கக் கூடாது" என்றேன். அன்று கோடு ஆடிக்கொண்டிருந்தது; ஆனால் அதிகம் இல்லை.

இரண்டாம் நாள் காலை மறுபடி அளந்தோம். பனிக்குடத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்து குறைந்திருந்தது. குழந்தையைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடங்களைத் தேட வேண்டியிருந்தது. தொப்புள்கொடி ஓட்டத்தில் இரண்டு துடிப்புக்கும் நடுவில் அநேகமாக ஒன்றும் இல்லை. சார் இன்டர்காமை எடுப்பதற்குள் லேபர் வார்டிலிருந்து டாக்டர் ராஜலட்சுமியின் நர்ஸே ஓடிவந்தார். காலையில் எடுத்த ட்ரேஸில் துடிப்பு இரண்டு தடவை சரிந்திருக்கிறது, தியேட்டர் தயாராகிறது, பூங்கொடியை உடனே அனுப்ப வேண்டும் என்றார்.

வார்டு வாசலில் டாக்டர் ராஜலட்சுமி செல்வகுமாரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இப்ப எடுத்தா மூச்சுக்குக் கஷ்டப்படலாம். எடுக்கலைன்னா உள்ளேயே போயிடும்னு நினைக்கிறேன். ரெண்டுல எதுக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது தம்பி." அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ராமாத்தாள் தலையை மட்டும் அசைத்தார்.

அரை மணி நேரத்தில் தியேட்டரிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. "ரெண்டு பேரும் வந்து பாருங்க" என்றார் டாக்டர் ராஜலட்சுமி.

பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. தலை பெரிதாக, வயிறு ஒட்டி, தோல் மடிப்பு மடிப்பாக, கிழவி முகத்தோடு இருந்தது. அழுகை மெலிசாக இருந்தாலும் அழுதது. குழந்தைகள் டாக்டர் அதைத் தூக்கிக்கொண்டு இன்குபேட்டருக்கு ஓடினார். தட்டில் நஞ்சு இருந்தது. நான் பார்த்ததிலேயே மிகச் சின்னது. ஸ்பஞ்சு போல மெத்தென்று சிவப்பாக இருக்க வேண்டியதில் பாதிக்கு மேல் வெளுத்து, இறுகிப்போய்க் கிடந்தது. சார் கையுறை மாட்டிக்கொண்டு அந்த வெளுத்த இடங்களை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதுல எப்படித்தான் இத்தனை நாள் இருந்துச்சோ" என்றார் டாக்டர் ராஜலட்சுமி. கொஞ்சம் கழித்து, "அந்த மூலையில ஒட்டற பிளாஸ்திரியை எடுத்துடாதீங்க திருமூர்த்தி" என்றார். அவருக்கு அது தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

குழந்தைக்கு முதல் வாரம் மூச்சுத் திணறல் இருந்தது. இரண்டு தடவை நிலைமை மோசமாகி, இரண்டு தடவையும் மீண்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுத் தாய்ப்பால் கொடுத்தார்கள். பூங்கொடி தையல் ஆறுவதற்குள் எழுந்து நடந்து, கண்ணாடிக்கு வெளியே நிற்பாள். நான் சாப்பாட்டு நேரத்தில் அந்த வழியாகப் போவேன். நின்று இரண்டு வார்த்தை பேசுவேன். ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஒரு நாள், நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னார்கள்.

அன்று சாரும் என்னோடு வந்தார். பூங்கொடி குழந்தையை மடியில் போட்டிருந்தாள். ராமாத்தாள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். செல்வகுமார் பில் கட்டப் போயிருந்தான். சார் குழந்தையைப் பார்த்து, "கன்னம் வந்துருச்சுங்களே" என்றார்.

பூங்கொடி சிரிக்கவில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்ததைப் போலக் கேட்டாள்: "ஏனுங்க டாக்டர், அந்தப் பையனுக்கும் இப்படி அளந்து பாத்திருந்தா இருந்திருப்பானுங்களா?"

ஆமாம் என்றால் அவள் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமப்பாள். இல்லை என்றால் பொய். சார் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார்.

"இருந்திருக்கலாமுங்க அம்மணி. உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அந்த நஞ்ச நான் பாக்கல. ஆனா அவனுக்கும் இதே கொறைதான்னு நெனைக்கறேனுங்க. அசைவு மொதல்லயே கொறைஞ்சுதுன்னு நீங்க இந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லியிருக்கீங்க. வண்டியில போனதால எந்தக் கொழந்தையும் இப்படி வாடாதுங்க. அது மட்டும் எனக்கு உறுதியாத் தெரியும்."

துணி மடித்துக்கொண்டிருந்த ராமாத்தாளின் கை நின்றது.

பூங்கொடி மாமியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அத இன்னொருக்கா சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

சார் அதே வார்த்தைகளை, அதே குரலில், இம்முறை ராமாத்தாளைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க மேலயும் தப்பு இல்லீங்க அம்மா. அப்ப ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்றார்.

ராமாத்தாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கையில் ஒரு குழந்தைத் துணி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். யாரிடம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"இவளுக்குக் காட்ட வேண்டாம்னு நர்ஸம்மா சொல்லிப்போட்டாங்க. மனசு உட்டுப்போவான்னு. நாந்தான் வாங்குனேன். நாந்தான் துணி சுத்துனேன்."

அந்தக் காலத்தில் இறந்து பிறக்கும் குழந்தையைத் தாய்க்குக் காட்டும் வழக்கம் எங்கேயும் இல்லை. இப்போதுதான் காட்டுகிறார்கள். பூங்கொடி தன் முதல் குழந்தையின் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. பார்த்திருந்த ஒரே ஆள், இத்தனை நாளும் அவளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த இந்த அம்மாள்தான்.

"மூக்கு செல்வனாட்டவே இருந்துச்சு" என்றார் ராமாத்தாள். "வெரலெல்லாம் நீள நீளமா இருந்துச்சு. நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல."

சார் எழுந்து என் முழங்கையைத் தொட்டார். நாங்கள் வெளியே நடந்தோம். கதவு சாத்துவதற்குள் பூங்கொடியின் குரல் கேட்டது.

"தலையில முடி இருந்துச்சுங்களா அத்தை?"

"நெறைய இருந்துச்சு கண்ணு. கருகருன்னு."